அப்லோட் ஃபோல்டர்ல தெரியாத பிஹெச்பி ஃபைல், மூனு தடவ அழிச்சும் திரும்ப வருது, எந்த வழியா உள்ள வர்றான்?

பெருமாநல்லூரான் | செவ்வாய், இரவு 11:40

வணக்கமுங்க. ரெண்டு வாரமா தூக்கம் போச்சு, இங்க கேட்டுப்போடலாம்னு வந்தேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் திருப்பூர்ல தனியாளா வெப்சைட் வேலை பண்ணிட்டு இருக்கறவன். 2017ல ஒரு பனியன் கம்பெனிக்கு போர்ட்டல் செஞ்சு குடுத்தேன். பையர் ஆளுக லாகின் பண்ணி டெக்பேக் (துணி எப்படி தைக்கோணும்னு விவரம்), ஆர்ட்வொர்க், சைஸ் சார்ட் எல்லாம் ஏத்துவாங்க, இங்க மெர்ச்சன்டைசர் அதை எறக்கி சாம்பிள் செக்சனுக்கு குடுப்பாரு, அவ்வளவுதான் அந்த ஆப். சாதா பிஹெச்பி (சர்வர்ல ஓடற கோடு), அட்மின் பக்கத்துக்கு மட்டும் காசு குடுத்து வாங்குன ஒரு பூட்ஸ்ட்ராப் டெம்ப்ளேட். இத்தன வருசமா ஒரு தொந்தரவு கிடையாது.

போன மாசம் விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த சர்வர்) குடுக்கற கம்பெனில இருந்து மெயில் வருது, உங்க சர்வர்ல இருந்து ஸ்பேம் போகுது 24 மணி நேரத்துல சரி பண்ணலைன்னா நிறுத்திருவோம்னு. உள்ள போய் பாத்தா அப்லோட்ஸ் ஃபோல்டர்ல படத்துக்கு வைக்கற மாதிரி பேரு வெச்சு ஒரு டாட் பிஹெச்பி ஃபைலு உக்காந்துட்டு இருக்குது. தெறந்தா ஒரே ஒரு வரி, ஆனா அந்த வரி மானிட்டரை தாண்டி வலது பக்கம் போயிட்டே இருக்குது, முச்சூடும் பேஸ்64 குப்பை (கோடை வெறும் எழுத்தா மறைச்சு வெச்சது), முன்னால அதை ஓட்டறதுக்கு ஒரு இவால். அழிச்சுப்போட்டு பாஸ்வேர்ட் எல்லாம் மாத்துனேன். ரெண்டாம் நாள் வெடியால பாத்தா வேற பேருல அதே ஃபைல். இப்படியே மூனு தடவ.

என் ஃபார்ம்ல ஓட்டை இருக்குதுன்னு சொல்லுவீங்கன்னு தெரியும், அதனால முன்னாலயே சொல்லிப்போடறேன். லாகின் இல்லாம அந்த பக்கமே தெறக்காது. எக்ஸ்டென்ஷன் லிஸ்ட் வெச்சிருக்கேன், பிடிஎஃப், ஜேபிஜி, பிஎன்ஜி, ஏஐ (இல்லஸ்ட்ரேட்டர்), சிடிஆர் (கோரல்ட்ரா), எக்ஸெல், இது தவிர எது வந்தாலும் திருப்பி அனுப்பிரும். ஃபைல் பேரை நானே புதுசா உண்டாக்கறேன், அவன் குடுத்த பேரை வெக்கறதில்ல. சைஸ் 25 எம்பி. பொறகு எந்த வழியா வர்றான்? கம்பெனில கேக்கறாங்க, பதில் சொல்ல முடியல.

ஈரோட்டுமஞ்ச | புதன், காலை 7:15

ஏனுங்க, எக்ஸ்டென்ஷன் பாக்கறேன்னு சொல்றீங்க சரி, ஆனா உள்ள என்ன இருக்குதுன்னு எதை வெச்சு பாக்கறீங்க? ஃபைல்ஸ் அரேல (அப்லோட் விவரத்தை பிஹெச்பி வெக்கற லிஸ்ட்) வர்ற டைப்பை நம்பறீங்கன்னா அது போச்சு, ஏன்னா அது உங்க சர்வர் கண்டுபுடிச்சு சொல்றது இல்ல, அனுப்பறவன் பிரவுசர் எழுதி அனுப்பறது, பர்ப் மாதிரி, போற டேட்டாவை மாத்தற டூல் ஒன்னை நடுவுல வெச்சா டாட் பிஹெச்பி ஃபைலுக்கு இமேஜ் ஜேபெக்னு மாத்தி அனுப்பிருவான் நீங்களும் வாங்க ஒறம்பரைன்னு உள்ள விட்டுருவீங்க. நான் மொத மொத ஒரு பள்ளிக்கூட சைட் செஞ்சப்ப இப்படித்தான் மாட்டுனேன்.

கெட்இமேஜ்சைஸ்னு பட அளவு பாக்கற ஃபங்ஷன் வெச்சு பாக்கறேன்னாலும் பத்தாதுங்க, ஃபைலோட ஆரம்பத்துல ஜிஐஎஃப்89ஏ-ன்னு ஆறு எழுத்து, அதுக்கப்பறம் அகலம் உயரத்துக்கு ஒரு நாலு பைட் இருந்தாலே அது இது ஜிஃப் படம்னு சொல்லிரும், அதுக்கு கீழ முழுக்க பிஹெச்பி கோடா இருந்தாலும் கண்டுக்காது. நெஜமான போட்டோவோட எக்ஸிஃப் கமென்ட்லயும் (போட்டோவுக்குள்ள இருக்கற விவரக் குறிப்பு) கோடை ஒளிச்சு வெப்பானுக. படமா இருந்தா ஜிடிங்கற பிஹெச்பி பட லைப்ரரி வெச்சு தெறந்து புதுசா ஒரு ஜேபிஜியா எழுதிருங்க, ஒட்டிட்டு வந்தது பெரும்பாலும் கழண்டு போயிரும்.

ரேக்கும்நானும் | புதன், காலை 9:50

கோயமுத்தூர்ல இருந்து. 15 வருசமா சர்வர் பாக்கறேன்.

மஞ்ச சொல்றது அத்தனையும் சரி, ஆனா இந்த கேஸ்ல அது இல்லன்னு நெனைக்கறேன். பேரை இவரே உண்டாக்கறாரு, எக்ஸ்டென்ஷனும் லிஸ்ட்ல இருந்துதான் போடறாரு. அப்படின்னா அந்த ஃபார்ம் வழியா எவ்வளவு மோசமான சரக்கு வந்தாலும் டாட் ஜேபிஜின்னுதான் உக்காரும், டாட் பிஹெச்பின்னு உக்கார வழியில்ல. ஆக, அதை எழுதுனது உங்க ஃபார்ம் இல்ல தம்பி, வேற எதோ ஒன்னு.

ரெண்டு கேள்வி. ஒன்னு, அந்த ஃபைலோட நேரம் என்ன, அதே நேரத்துல ஆக்சஸ் லாக்ல என்ன போஸ்ட் (சர்வருக்கு டேட்டா அனுப்பற கோரிக்கை) வந்திருக்குது? ஸ்டாட் கமாண்ட் போட்டு பாருங்க, அதுல மாடிஃபை நேரத்தை நம்பாதீங்க, டச் கமாண்ட் வெச்சு பழைய தேதியா மாத்தி வெப்பானுக. சேஞ்ச்னு இருக்கற நேரம்தான் நெசம், அதை அவ்வளவு சுலுவா மாத்த முடியாது. ரெண்டாவது, சமீபத்துல சர்வர்ல எதாவது மாத்துனீங்களா?

முகம்தெரியாதவன் | புதன், காலை 10:22

2025லயும் பிஹெச்பியா. நோடுக்கு (சர்வர்ல ஜாவாஸ்க்ரிப்ட் ஓட்டறது) மாறுங்க பிரச்சனை தீந்துச்சு.

ரேக்கும்நானும் | புதன், காலை 10:31

நோடுல மட்டும் ஃபைல் பேரை ஒழுங்கா பாக்காம பாத்தை ஒட்டி எழுதுனா டாட் டாட் ஸ்லாஷ் போட்டு மேல ஏறி வர மாட்டானாக்கும். நாயம் பேச வேற த்ரெட் இருக்குது.

பெருமாநல்லூரான் | புதன், மாலை 6:05

அண்ணா, நீங்க சொன்ன மாதிரி பாத்தேன், கை நடுங்கிப் போச்சு.

மாடிஃபை தேதி 2021ன்னு காட்டுது, சேஞ்ச் பாத்தா போன ஞாயித்துக்கிழமை ராத்திரி 2:47. லாக்ல 2:47க்கு ஒரு போஸ்ட், 200ன்னு (சரி, நடந்துச்சுன்னு) பதில். ஆனா என் அப்லோட் பக்கத்துக்கு இல்ல. அசெட்ஸ், அதுக்குள்ள ப்ளகின்ஸ், அதுக்குள்ள ஜேக்வெரி ஃபைல் அப்லோட், அதுக்குள்ள சர்வர், பிஹெச்பி, ஃபைல்ஸ், அதுக்குள்ள எதோ ஒரு டாட் பிஹெச்பி. இந்த பாதைல ஒரு ஃபோல்டர் என் சைட்ல இருக்கறதே எனக்கு தெரியாதுங்க. நான் அந்த ப்ளகினை உபயோகமே பண்ணல. டெம்ப்ளேட்டோட வந்தது, அசெட்ஸை முச்சூடா காப்பி பண்ணி போட்டேன், அதோட ஒட்டிட்டு வந்திருக்குது.

அந்த ஃபைல்ஸ் ஃபோல்டரை தெறந்தா 11 ஃபைல் கெடக்குது. சிலது 2018 நவம்பர் தேதி, சிலது 2019, ஒன்னு 2022. அப்ப இவ்வளவு வருசமாவா உள்ள இருக்கறானுக? இருந்தா ஏன் அப்பெல்லாம் ஒன்னும் ஆகல?

சர்வர் மாத்துனதுன்னு கேட்டீங்களே, ஆமாங்க. அதுக்கு முன்ன ஷேர்ட் ஹோஸ்டிங்ல இருந்துச்சு, நாலு மாசம் முன்னாலதான் விபிஎஸ்ல உபுண்டு, என்ஜின்எக்ஸ் வெப்சர்வர் போட்டு மாத்துனேன், ஆர்சின்க்ல காப்பி பண்ணி அப்படியே கொண்டு வந்தேன்.

ரேக்கும்நானும் | புதன், இரவு 8:40

இப்ப கதை முழுசா வந்துருச்சு. இது சிவிஇ-2018-9206, பாதுகாப்பு ஓட்டைக்கு குடுக்கற பொது நம்பர். ப்ளூஇம்ப்னு ஒருத்தர் எழுதுன ஜேக்வெரி ஃபைல் அப்லோட், ஒரு காலத்துல அப்லோட் பாரு காட்டறதுக்கு எல்லாரும் இதைத்தான் போடுவோம். 2018 அக்டோபர்ல அகமாய்ல இருந்த லேரி கேஷ்டாலர் வெளிய சொன்னாரு. அவரு சொல்றதுக்கு முன்னயே 2015ல இருந்து யூடியூப்ல இதை எப்படி உடைக்கறதுன்னு வீடியோ ஓடிட்டு இருந்துச்சு, அதுதான் இதுல கொடுமை.

ஓட்டை என்னன்னா, அந்த ப்ளகின் பிரவுசர் பக்க கோடு மட்டும் இல்லாம, சர்வர்ல எப்படி வாங்கறதுன்னு காட்டறதுக்கு ஒரு மாதிரி பிஹெச்பியும் சேத்து குடுத்தாங்க. அந்த மாதிரிக்கு லாகின் கிடையாது, எந்த எக்ஸ்டென்ஷன் வந்தாலும் வாங்கிக்கும். அப்ப பாதுகாப்பு? ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ள ஒரு டாட் ஹெச்டிஆக்சஸ் ஃபைல். இந்த ஃபோல்டர்ல எது கெடந்தாலும் ஓட்டாத, டவுன்லோடா குடுன்னு அப்பாச்சி வெப்சர்வருக்கு சொல்ற ஃபைல் அது. வேலி அது ஒன்னுதான். ஆனா அப்பாச்சி 2010லயே, 2.3.9 வெர்ஷன்ல, ஹெச்டிஆக்சஸை படிக்கறதை டீஃபால்ட்டா நிறுத்திட்டாங்க, நிர்வாகி பாத்து தெறந்து விட்டாத்தான் படிக்கும். ப்ளகின் எழுதுனவரு அதை கவனிக்கல. கிட்ஹப்ல 7,800க்கு மேல ஃபோர்க் (அதை காப்பி எடுத்து தனியா வெச்சது), அத்தனைலயும் அந்த ஓட்டை கூடவே போச்சு.

உங்க பழைய ஷேர்ட் ஹோஸ்டிங்ல ஹெச்டிஆக்சஸை படிக்க விட்டிருப்பாங்க, ஷேர்ட்ல பெரும்பாலும் அப்படித்தான். அதனால 2018ல இருந்து வந்தவன் எல்லாம் ஃபைலை ஏத்துனான், கூப்புட்டு பாத்தான், ஓடாம டவுன்லோட் ஆச்சு, போயிட்டான். அந்த ஃபைலுக அங்கயே செத்த மாதிரி கெடந்துச்சு. என்ஜின்எக்ஸ் ஹெச்டிஆக்சஸ்னா என்னன்னே தெரியாத ஜீவன். நீங்க ஆர்சின்க் பண்ணி கொண்டு வந்து எறக்குன அன்னிக்கு அந்த 11 ஃபைலும் உசுரு வந்து எந்திரிச்சு நின்னுருச்சு. ஏழு வருசம் சும்மா கெடந்த பாம்பை நீங்களே மூட்டைல கட்டி புது ஊட்டுக்கு தூக்கிட்டு போயிருக்கறீங்க தம்பி.

9.22.1ல சரி பண்ணிட்டாங்க, டீஃபால்ட்டா படம் மூனு நாலு வகை மட்டும்தான் வாங்கும். ஆனா உங்களுக்கு அப்டேட் தேவையில்ல, உபயோகம் பண்ணாத ஃபோல்டரை அப்படியே தூக்கிருங்க.

ஈரோட்டுமஞ்ச | புதன், இரவு 9:10

அட கெரகமே. நானும் கெளம்பி ஃபார்மையே கொடஞ்சுட்டு இருந்தேன்.

அப்படியே என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்ல அப்லோட்ஸுக்கு ஒரு லொகேஷன் ப்ளாக் போட்டு பிஹெச்பி வேண்டாம்னு வெச்சுருங்க, இனி எவன் ஏத்துனாலும் ஓடாது.

அம்மிணி_கோடு | புதன், இரவு 10:02

நாமக்கல்ல இருந்து. மஞ்ச சொன்ன லொகேஷன் ப்ளாக்கை சும்மா அப்படியே போட்டா வேலை செய்யாதுங்க, இதுல நெம்ப பேரு ஏமாறுவாங்க. என்ஜின்எக்ஸ்ல சாதா லொகேஷனை விட ரெகெக்ஸ் (பேட்டர்ன்) லொகேஷனுக்குத்தான் மதிப்பு. டாட் பிஹெச்பின்னு முடியறதை எஃப்பிஎம்முக்கு (பிஹெச்பிய ஓட்டறது) அனுப்புன்னு எல்லாரும் ரெகெக்ஸ்ல ஒன்னு வெச்சிருப்போம் இல்லைங்களா, அப்லோட்ஸ்க்குள்ள ஒரு பிஹெச்பிய கூப்புட்டா உங்க ப்ளாக்கை பாத்துட்டு, சரி இருக்கட்டும்னு வெச்சுட்டு, அந்த ரெகெக்ஸுக்கே போயிரும். லொகேஷனுக்கு அடுத்து ^~ இந்த குறி போட்டாத்தான் இதோட நில்லு, ரெகெக்ஸ் பக்கம் போகாதன்னு அர்த்தம். போட்டதுக்கப்பறம் நீங்களே ஒரு பிஹெச்பி ஃபைல் அங்க வெச்சு பிரவுசர்ல கூப்புட்டு பாருங்க, உள்ள ஒன்னு ப்ளஸ் ஒன்னு எக்கோ போதும். 2ன்னு வந்தா இன்னும் ஓடுதுன்னு அர்த்தம்.

அதுக்கும் மேல, அப்லோட்ஸை வெப்ரூட்டுக்கு உள்ள வெக்கறதே எதுக்குங்க? பப்ளிக் ஃபோல்டருக்கு வெளிய ஒரு எடத்துல போட்டுட்டு, லாகின் பாத்துட்டு ஒரு ஸ்க்ரிப்ட் வழியா எடுத்து குடுங்க, அட்டாச்மென்ட்னு ஹெடரும் நோஸ்னிஃப்னு ஹெடரும் (பிரவுசர் ஃபைல் வகையை தானா யூகிக்கக் கூடாதுன்னு) சேத்து. உங்க கேஸ்ல இது கட்டாயம் ஆகோணும், ஏன்னா மஞ்ச சொன்ன ஜிடி வைத்தியம் படத்துக்கு மட்டும்தான். டெக்பேக் வர்றது எல்லாம் படமா? ஏஐ ஃபைலை ஃபின்ஃபோவ (ஃபைல் வகை பாக்கற பிஹெச்பி வசதி) விட்டு பாத்தா பெரும்பாலும் பிடிஎஃப்னு சொல்லும், சிடிஆர்ல எக்ஸ்4க்கு அப்பறம் வந்தது எல்லாம் உள்ளுக்குள்ள ஜிப்தான், புது எக்ஸெல்லும் (எக்ஸ்எல்எஸ்எக்ஸ்) ஜிப். ஜிப்புன்னு வந்தா விடுங்கன்னு எழுதுனா என்ன வேணா உள்ள வரும், விடாதீங்கன்னு எழுதுனா டிசைனர் போன் பண்ணி திட்டுவாரு. அதனால உள்ள என்ன இருக்குதுன்னு முழுசா கண்டுபுடிக்கப் போறதில்ல, ஓடாத எடத்துல வெக்கறது ஒன்னுதான் நம்ம கைல இருக்கறது.

இன்னொன்னு. பேக்கேஜோட வர்ற மாதிரி ஃபைல் வழியா உள்ள பூர்றது இது ஒன்னுல மட்டும் இல்ல. 2020 செப்டம்பர்ல வேர்ட்பிரஸ் ஃபைல் மேனேஜர் ப்ளகின், 7 லட்சம் சைட்ல இருந்தது, அதே கதைதான். எல்ஃபைண்டர்னு ஒரு லைப்ரரி, அதுல கனெக்டர்னு ஒரு மாதிரி ஃபைலை டிஸ்ட்னு கடைசில போட்டு, இது ஓடக்கூடாதுன்னுதான் குடுத்தாங்க. ப்ளகின்காரங்க அந்த டிஸ்ட்டை எடுத்துட்டு டாட் பிஹெச்பின்னு மாத்தி வெச்சுட்டாங்க, யாரு வேணா லாகின் இல்லாம ஃபைல் ஏத்தலாம்னு ஆயிப்போச்சு. 6.9ல தூக்குனாங்க. அப்லோட் இல்லைனாலும் பிஹெச்பியுனிட்னு டெஸ்ட் லைப்ரரில இவால் எஸ்டிடிஇன்னு ஒரு ஃபைலு, டெஸ்ட் ஓட்டறதுக்கு வெச்சது, சிவிஇ-2017-9841, வெண்டர் ஃபோல்டரை (வெளி லைப்ரரி எல்லாம் கெடக்கற எடம்) வெப்ரூட்ல போட்டவன் எல்லாம் மாட்டுனான். என் லாக்ல இன்னும் தெனமும் அந்த பாதைய தட்டி பாத்துட்டுத்தான் போறானுக.

காங்கேயம்காளை | வியாழன், காலை 8:30

ஆக கிளுவ வேலி சுத்தி கட்டி முன்னால படலுக்கு பூட்டும் போட்டாச்சு, பொறகால ஆடு பூந்து போற ஓட்டையை யாரும் பாக்கல.

ஒரு சந்தேகம் மட்டும். அந்த ப்ளகின் ஃபோல்டர்ல இருந்து வந்தான் சரி, அழிச்ச ஃபைலு அப்லோட்ஸ்ல ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஏன் தானா வருது, அவன் ஒவ்வொரு தடவையும் கையில ஏத்தறானா?

ரேக்கும்நானும் | வியாழன், காலை 9:15

நல்ல கேள்வி. கையில ஏத்த மாட்டான், அவனுக்கு வேற சோலி இல்லையா. வெப்சர்வர் ஓடற டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா யூசரோட க்ரான்டேப்பை (நேரம் வெச்சு தானா ஓடற வேலை லிஸ்ட்) பாருங்க தம்பி, ரூட் க்ரான்டேப் மட்டும் பாத்துட்டு சும்மா இருந்திருப்பீங்க. அப்பறம் டாட் யூசர் டாட் ஐஎன்ஐன்னு ஒரு ஃபைல் எங்கயாவது இருக்குதான்னு தேடுங்க, ஆட்டோ ப்ரிபென்ட்னு ஒரு வரி அதுல இருந்தா அந்த ஃபோல்டர்ல எந்த பக்கத்தை தெறந்தாலும் முதல்ல அவன் கோடு ஓடும். அதை அழிச்சாலும் உடனே போகாது, பிஹெச்பி அதை 300 செகண்ட் ஞாபகம் வெச்சிருக்கும், அழிச்ச கையோட பாத்துட்டு இன்னும் போகலையேன்னு தலையை பிச்சுக்காதீங்க.

ஆனா என்னைக் கேட்டா, தொடைக்கறதே வீண் வேலை. புது விபிஎஸ் எடுங்க, கோடை உங்க பழைய கிட்ல (கோடு சேமிச்சு வெக்கற எடம்) இருந்து போடுங்க, சர்வர்ல இருக்கற கோடை எடுக்காதீங்க. டேட்டாபேஸை டம்ப் எடுத்து அட்மின் யூசர் லிஸ்ட்ல தெரியாத பேரு இருக்குதான்னு பாத்துட்டு ஏத்துங்க. அப்லோட்ஸ்ல பிடிஎஃப், ஏஐ, சிடிஆர், எக்ஸெல், படம் மட்டும் பொறுக்கி எடுங்க. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், மெயில் பாஸ்வேர்ட், ஏபிஐ கீ எல்லாம் அவன் படிச்சுட்டான்னே வெச்சுக்கோங்க.

பழைய சர்வரை உடனே அழிச்சுறாதீங்க, ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைங்க. உபுண்டுல என்ஜின்எக்ஸ் லாக் டீஃபால்ட்டா 14 நாள்தான் நிக்கும், அதுக்கப்பறம் சுழட்டி அழிச்சுரும். செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28ல போட்ட உத்தரவுல லாக் 180 நாள் வெக்கோணும்னு இருக்குது, இந்த மாதிரி ஊடுருவல் தெரிஞ்சா 6 மணி நேரத்துல தெரிவிக்கோணும்னும் இருக்குது. கம்பெனில சொல்லி அவங்க ஆடிட்டர் கிட்டயோ வக்கீல் கிட்டயோ கேட்டுக்க சொல்லுங்க, இதை நீங்க தனியா தலைல போட்டுக்காதீங்க.

பெருமாநல்லூரான் | வெள்ளி, இரவு 1:20

க்ரான்டேப்லதாங்க இருந்துச்சு. ஒரே ஒரு வரி, ரெண்டு நாளைக்கு ஒருக்கா எங்கயோ இருந்து எறக்கி அப்லோட்ஸ்ல வெக்கற மாதிரி. நான் மூனு தடவ அழிச்சதை நெனச்சா சிரிப்பா வருது.

புது சர்வர் போட்டுட்டேன். அப்லோட்ஸை வெளிய வெச்சாச்சு, ^~ போட்டு ஒன்னு ப்ளஸ் ஒன்னு டெஸ்ட்டும் பண்ணிட்டேன், 404 வருது. அசெட்ஸ்ல இருந்த 60 சொச்சம் ப்ளகின் ஃபோல்டர்ல நான் நெஜமா உபயோகம் பண்றது ஒம்போதுதான், மிச்சத்தை எடுத்தாச்சு. கிட்லயும் அந்த ஃபோல்டர் இருந்துச்சுங்க, 2017ல நானே கமிட் பண்ணது, கமிட் மெசேஜ் "டெம்ப்ளேட் ஃபைல்ஸ் ஃபுல்". கம்பெனி மொதலாளி கிட்ட சாயங்காலம் நேர்ல போய் சொன்னேன், கத்துவாருன்னு நெனச்சேன், பையர் டெக்பேக் வெளிய போயிருக்குமான்னு மட்டும்தான் கேட்டாரு. லாக் 14 நாளுக்குத்தான் இருக்குது, அதுக்கு முன்ன நடந்தது சொல்ல முடியாதுன்னு சொன்னேன். ஒன்னும் பேசல. பையருக்கு என்ன மெயில் எழுதறதுன்னு நாளைக்கு உக்காந்து பேசறோம்.

அம்மிணி_கோடு | வெள்ளி, காலை 7:45

அந்த மெயில்ல "போகல"ன்னு மட்டும் எழுதிறாதீங்க. உங்களுக்கு தெரிஞ்ச தேதி என்ன, தெரியாத காலம் எதுன்னு ரெண்டையும் எழுதுங்க, நாலு மாசம்னு.

கரூர்பெட்ஷீட் | வெள்ளி, மாலை 5:30

படிச்சுட்டு நானும் என் சர்வர்ல அப்லோட்ஹேண்ட்லர்னு அந்த ப்ளகினோட பிஹெச்பி ஃபைல் பேரை போட்டு ஃபைண்ட் அடிச்சு பாத்தேன். எட்டு கிளையண்ட் சைட்டு, மூனுல இருக்குது. ஒன்னு 2014 காப்பி. ஃபைல்ஸ் ஃபோல்டர் ரெண்டுல காலி, ஒன்னுல நாலு பிஹெச்பி. அது என்ஜின்எக்ஸ்தான்.

ரேக் அண்ணா, இன்னிக்கு ராத்திரி போன்ல பேசலாமுங்களா?